மாலை போட்ட பூதம்

போன வாரம் செந்துறைக்கு ஒரு காரியத்துக்குப் போயிருந்தேன். பதினாறாம் நாள். வாசலில் பந்தல், கூடத்தில் நாற்காலி மேல் சாய்த்து வைத்த படம், சம்பங்கி மாலை... எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் படத்தில் இருந்தது ஒரு பூதம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் எழுதிய குழந்தைப் பாட்டு ஒன்றுக்காக வரைந்த பூதம் அது. நீண்ட தாடை, முறம் மாதிரிக் கைகள், முன்னால் சரிந்த தோள். அதற்குத்தான் பொட்டு வைத்து விளக்கேற்றியிருந்தார்கள்.

“பழைய போட்டோ இருக்கு சார். அது வேற யாரோ மாதிரி இருக்கு. எங்கண்ணன் இதுதான்” என்றார் செல்வி.

சாப்பிட வந்த தெருக்காரர்கள் படத்தின் முன்னால் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். உயிரோடு இருந்தவரை அந்த முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

செல்வி யாரென்று சொல்லவில்லையே... அரியலூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர். பிரமாதமாக வரைவார். என் கதைப்பாட்டைப் படங்களோடு புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் முன்வந்தபோது, படத்துக்கு இவரைத்தான் கேட்டேன்.

கதை சின்னதுதான். மலையிலிருந்து ஒரு பூதம் இறங்கி வருகிறது. தாகம். வீடு வீடாகத் தண்ணீர் கேட்கிறது. யாரும் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் ஊரே திரண்டு அதை ஏரியில் தள்ளிவிடுகிறது. பிள்ளைகள் கைதட்ட வேண்டும் – அவ்வளவுதான் என் திட்டம்.

படங்கள் வந்தன. பதிப்பாளருக்குத் திருப்தியில்லை. பூதம் பயமாகவே இல்லையாம். பல்லை நீட்டச் சொல்லுங்கள், கண்ணைச் சிவப்பாக்கச் சொல்லுங்கள் என்றார். செல்வி முடியாது என்றுவிட்டார். போனில் எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. சரி, நேரில் பேசிப் பார்ப்போம் என்று பெரம்பலூரிலிருந்து செந்துறையில் அவர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

காபி கொடுத்தார். நான் பேச்சைத் தொடங்குவதற்குள் உள் அறையிலிருந்து, நிலை இடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு ஒருவர் வந்தார். பயந்துதான் போனேன், மறைப்பானேன்? செல்வி வரைந்த அதே தாடை. அதே கைகள்.

குமரேசன். செல்வியின் அண்ணன். அப்பா, அம்மா போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர். ஒரு கட்டத்தில் விரல்கள் தடிக்க ஆரம்பித்தன. பொடி ஸ்க்ரூவைப் பிடிக்க முடியவில்லை. செருப்பு சைஸ் ஏறிக்கொண்டே போனது. பிறகு முகம். வருகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று கடைக்காரர் நிறுத்திவிட்டார். மூளைக்கு அடியில் ஒரு சுரப்பியில் கட்டி என்று திருச்சியில் கண்டுபிடித்தபோது ரொம்பத் தாமதம். ஆபரேஷனுக்குப் பின் வளர்ச்சி நின்றது. ஆனால் வளர்ந்தது வளர்ந்ததுதான். இதயமும் பெரிதாகிவிட்டிருந்தது. தெருவில் சோறு தின்னாத பிள்ளைகளுக்கு இவர் பெயரைச் சொல்லிப் பூச்சாண்டி காட்டினார்கள். அது காதில் விழுந்ததிலிருந்து வெளியே போவதையே விட்டுவிட்டார்.

தங்கை பூதம் வரையப்போவது தெரிந்ததும், என்னையே பார்த்து வரை என்று நின்றவரும் அவர்தானாம். போட்டோ என்றால் ஆகாது. ஆனால் தங்கை வரைந்தால் பிடிக்கும் என்றார். அப்புறம் கேட்டார்:

“பாட்டைப் படிச்சேன் சார். தண்ணிதான கேட்டுச்சு... அதுக்கு எதுக்கு ஏரில தள்ளுறாங்க?”

எழுதிய எனக்கு அந்தக் கேள்வி வரவே இல்லை. பூதம் என்று பெயர் வைத்தாகிவிட்டது, அதற்கு மேல் காரணம் எதற்கு என்றுதானே இருந்தேன்? பெரியவர்கள் நாம் எல்லோருமே அப்படித்தானோ?

பல்லைப் பற்றிப் பேசாமலே திரும்பினேன். படத்தில் கை வைத்தால் பாட்டையும் திருப்பி வாங்கிக்கொள்வேன் என்று பதிப்பாளரிடம் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். முடிவையும் மாற்றினேன். கடைசி வீட்டில் ஒரு பெண் கதவைத் திறந்து சொம்பு நிறையத் தண்ணீர் கொடுக்கிறாள். அதைக் குமரேசனுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அப்படியெல்லாம் யாரும் தொறக்க மாட்டாங்க சார்.”

அப்படியானால் பழையபடியே விட்டுவிடட்டுமா என்றேன்.

“வேணாங்க. புள்ளைங்க படிக்கிறது. தொறக்கட்டும்.”

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. சில நாளில் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது.

புத்தகம் இப்போது அச்சில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு, ‘அய்யோ பாவம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு எழுதுங்கள்... செல்வியிடம் சொல்ல வேண்டும்.