வெள்ளிக்கிழமைச் சகவாசம்

ஷுலமித்தின் அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே கார்டாக இருந்தார். வீட்டுக்குள் மராத்தி, வாசலைத் தாண்டினால் தமிழ், ஜெபத்துக்கு மட்டும் எபிரேயம். காலனியில் எல்லோரும் அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்றே நினைத்தார்கள். "நாங்க யூதருங்க, எங்களுக்கு சனிக்கிழமைதான்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அவள் அம்மா பிற்பாடு சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ரூபன் பென்கரும் அதே ஜாதகம்தான். பெரம்பூரில் ரயில்வே பணிமனை ஃபிட்டரின் மகன். தானேயில் இருந்த உறவுக்காரி ஒருத்தி, "ரெண்டுக்கும் தமிழ் தெரியும், வேறென்ன பொருத்தம் வேணும்?" என்று கேட்டு முடிச்சுப் போட்டுவிட்டாள். 1997-இல் தானே ஜெப ஆலயத்தில் கல்யாணம். பீன்யாவில் இயந்திர உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ரூபனுக்கு வேலை. காக்ஸ் டவுனில் ஒரு மாடி வீடு பார்த்துக் குடிவந்தார்கள்.

பெங்களூரில் தங்கள் ஆட்கள் யாரையும் அவர்களுக்குத் தெரியாது. ஆரம்பத்தில் அது ஒரு குறையாகவும் படவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குள் ரூபன் வந்துவிடுவான். ஷுலமித் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரும் தேங்காயெண்ணெயும் ஊற்றித் திரியேற்றுவாள். ஊறவைத்த உலர்திராட்சையைப் பிழிந்து எடுத்த சாற்றை அவன் ஆசீர்வதித்து முதல் வாய் குடித்து அவளிடம் நீட்டுவான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அம்மா கைக்கொண்டபடி, மாதவிலக்கு நாட்களிலும் அது நின்று ஒரு வாரமும் ஷுலமித் தனியாகப் படுப்பாள். பிறகு ஓடுகிற தண்ணீரில் முழுக்குப் போட வேண்டும். மும்பைப் பக்கம் அதற்கென்று தொட்டி உண்டு, இங்கே ஏது? கல்யாணமான புதிதில் தயங்கித் தயங்கித்தான் அவனிடம் சொன்னாள். அவன் யோசித்துவிட்டு, "ஸ்ரீரங்கப்பட்டணத்துல காவிரி ஓடுதே" என்றான். அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலைப் பிடித்துப் போவார்கள். ஆளில்லாத ஒரு துறையில் அவள் தளர்வான கவுனோடு இறங்குவாள். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக் காவல் நிற்பான். திரும்பும் வழியில் மத்தூர் வடை வாங்கித் தின்பார்கள். கல்யாண வாழ்க்கையில் தனக்கு மிகப் பிடித்தது எது என்று யாராவது கேட்டிருந்தால் ஷுலமித் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அது யாரிடமும் சொல்கிற விஷயமில்லை.

நோயல், ரூபனுடைய பிரிவு மேலாளர். லிங்கராஜபுரத்தில் சொந்த வீடு, பிள்ளைகள் இல்லை. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் சும்மா வாங்க மேன், ரம்மி ஆடலாம்" என்று கூப்பிட்டார். அவர் மனைவி டோரீன், இவர்கள் பன்றியும் இறாலும் தொடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் புதுச் சட்டி வாங்கி, அதில் செதிலுள்ள மீனாகப் பார்த்து வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். அந்தச் சட்டியைப் பார்த்ததுமே ஷுலமித்துக்கு டோரீனைப் பிடித்துப்போயிற்று.

அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. "இவ வெக்கிற குழம்புல இறங்கணும்னா நீச்சல் தெரிஞ்சிருக்கணும்" என்பார் நோயல். "இவருக்கு நீச்சலும் வராது, வேற எதுவும் வராது" என்பாள் டோரீன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே. கூடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஸ்கூட்டரில் திரும்பும்போது ரூபன், "எவ்ளோ ஃப்ரீயா இருக்காங்க பாத்தியா?" என்றான். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் அப்பாவும் அம்மாவும் பிறர் முன்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை.

விளக்கேற்றிவிட்டு வண்டியில் ஏறுவது ஓய்வுநாள் கட்டளைக்கு ஆகாது. முதல் வாரம் அதைப் பற்றி இருவரும் பேசினார்கள். மறுவாரம் பேசவில்லை. அப்புறம் விளக்கையே சில வாரம் மறந்தார்கள்.

பேச்சும் மெல்ல மெல்ல மாறியது. "இது சோறா, சுவத்துக்குப் பூசறதா?" என்பான் ரூபன், நோயலைப் போலத் தலையைச் சாய்த்து. "உங்க சம்பளத்துக்கு இதுதான் வேகும்" என்பாள் அவள். அங்கே சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள், பேச்சு கரைந்துவிடும். இங்கே சிரிக்க ஆளில்லை. சொன்னது சொன்னபடி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

ஆடி மாதத்து மழை நாள் ஒன்றில் நோயல் வீட்டுக்கு டிரேவரும் அவர் மனைவி லீனாவும் வந்திருந்தார்கள். டிரேவரும் அதே தொழிற்சாலைதான். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக நந்தி மலைக்குப் போகலாமா என்று பேச்சு வந்தது. ரூபன் கையிலிருந்த சீட்டை விசிறியாக விரித்துக்கொண்டு, "இந்த ஞாயிறு முடியாது சார். எம் பொண்டாட்டிய காவிரில முக்கி எடுக்கணும். அப்பதான் எனக்கு விசா கிடைக்கும்" என்றான்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அவன் விளக்கினான். தனிப்படுக்கை, நாள் கணக்கு, கவுன், துண்டு எல்லாவற்றையும். நோயல் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "விசா ரிஜெக்ட் ஆனா என்ன மேன் பண்ணுவே?" என்றார் டிரேவர். லீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷுலமித்துக்குக் காது மடல்கள் கொதித்தன. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. சீட்டைச் சரிசெய்துகொண்டே, "இவரு பெரிய தைரியசாலி. பூனாலேர்ந்து கஸ்டமர் வராங்கன்னா காலைல பாத்ரூம்ல வாந்தி எடுத்துட்டுத்தான் ஃபேக்டரிக்குக் கிளம்புவாரு. முதுகத் தடவி விடறது யாரு? நான்தான்" என்றாள்.

முன்னைவிடப் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் தன் குரல் தனக்கே கேட்டது. அந்த இழுவையும், கண்ணை உயர்த்தாத அலட்சியமும் அப்படியே டோரீனுடையவை. ரூபனும் சிரித்தான். அவன் கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

வழியெல்லாம் மழை. அவன் எங்கும் ஒதுங்காமல் ஓட்டினான்.

திங்கட்கிழமை தொழிற்சாலையிலிருந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். "என் மேஜை மேல ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வெச்சிருந்தாங்க, வாந்தி எடுக்கவாம். சுத்தி நின்னு சிரிச்சாங்க."

"நீங்கதான் ஆரம்பிச்சீங்க."

"தெரியும். நான் ஆரம்பிச்சது எனக்குத் தெரியும் ஷுலா." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

முந்தின நாள், ஞாயிறன்று, காவிரிக்குப் போயிருக்கவில்லை. அவள் கேட்கவில்லை, அவனும் கிளம்பவில்லை. முழுக்கு இல்லாததால் தனிப்படுக்கையும் முடியவில்லை. இத்தனை நாள் என்று ஒரு கெடு இருந்தவரை அந்தப் பிரிவு அவளுக்குப் பாரமாக இருந்ததில்லை. இப்போது காலையில் பாயைச் சுருட்டியதும் கண்ணில் படாதபடி கதவுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் தலைவலி என்று சொல்லி இருவரும் வீட்டிலேயே இருந்தார்கள், ஆளுக்கொரு அறையில். அடுத்த மாதமும் காவிரி இல்லாமலே கழிந்தது. ஜோலார்பேட்டைக்குப் போய்விடலாம் என்று பெட்டியை இறக்கினாள். இரண்டு புடவை வைத்தபின் கை ஓடவில்லை.

பெட்டி திறந்து கிடக்கும்போதே ஒரு நண்பகலில் டோரீன் தூக்குச்சட்டியோடு படியேறி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன் வர்றதில்ல நீங்க?"

"அங்க வந்து வந்து எங்களுக்கு வேற மாதிரி பேச்சு வந்துடுச்சு, அக்கா." சொல்லிவிட்டு ஷுலமித் பயந்தாள். புதுச்சட்டி வாங்கியவளிடம் இப்படியா சொல்வது?

டோரீன் கோபிக்கவில்லை. தூக்குச்சட்டியின் பிடியை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தாள். "நாங்க வீட்ல பேசிக்கிறதே இல்ல பொண்ணே. வருஷக் கணக்கா. யாராச்சும் வந்தாத்தான் அவரு என்னைப் பாத்து வாயத் திறப்பாரு. திட்டுறாரோ கிண்டல் பண்றாரோ, எங்கிட்ட பேசுறாருல்ல. அதுக்குத்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சமைக்கிறேன்."

ஷுலமித் அவள் கையைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு டோரீன் போய்விட்டாள்.

அன்று மாலை ரூபன் கை கழுவிக்கொண்டிருக்கும்போது ஷுலமித் அடுக்களை நிலையில் வந்து நின்றாள். "இந்த ஞாயித்துக்கிழமை நான் காவிரிக்குப் போறேன். துணைக்கு நீங்க வர்றீங்களா, இல்ல அம்மாவ வரச் சொல்லட்டுமா?"

குழாயை மூடாமலே நின்றான். "நான் வந்து நின்னா உனக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

"இருக்கும். இருந்தாலும் வாங்க."

ஆற்றில் புதுவெள்ளத்தின் கலங்கல் இன்னும் தெளியவில்லை. அவள் முழுகி எழுந்தபோது அவன் முதுகைத்தான் பார்த்தாள். அந்த முதுகு பேசியது. "அவங்க சிரிக்கறப்ப நானும் ஏதோ பெரிய ஆளு மாதிரி இருந்துச்சு ஷுலா. உன்னைப் பத்தித்தான் பேசறேன்னு தோணவே இல்ல."

"எனக்குத் தோணுச்சு. உங்களப் பத்தித்தான்னு தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றாள் அவள். இரண்டுக்கும் மன்னிப்பு என்று எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் திரும்பாமலேயே துண்டைப் பின்னால் நீட்டினான்.

நோயல் வீட்டுக்கு இனிப் போவதில்லை என்று முடிவானது. ஆனால் டோரீனை அப்படியே விட ஷுலமித்துக்கு மனம் வரவில்லை. "அவங்க இங்க வரட்டும். நம்ம வீட்ல நம்ம மாதிரி பேசுவோம்" என்றாள். ரூபன் அரை மனதாகச் சம்மதித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். விளக்கு எரிந்தது. ரூபன் திராட்சைச் சாற்றை ஆசீர்வதித்தான். சாப்பிடும்போது நோயல், "எம் பொண்டாட்டி இருக்காளே..." என்று தொடங்கிவிட்டு ரூபனைப் பார்த்தார். ரூபன் சிரிக்கத் தயாராக இல்லை. ஷுலமித் மீனைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். நோயல் மீதியை விழுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மேஜையில் மழையைப் பற்றியும் ரிங் ரோடு வேலையைப் பற்றியும்தான் பேச்சு நடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரிடம் ஒருவர் ஒரு சொல் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனார்கள். அதன்பின் கூப்பிட்டும் வரவில்லை.

நோயலின் பிரிவில் ரூபனுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரணம் இதுதானா என்று யாரால் சொல்ல முடியும்? அடுத்த வருஷம் பொம்மனஹள்ளிப் பக்கம் வேறு வேலைக்குப் போனான். அங்கேயும் சில காலைகளில் வாந்தி எடுத்தான். ஷுலமித் முதுகைத் தடவிவிட்டாள், அதை வெளியே எடுத்துப் போகவில்லை. கோபம் வந்த நாட்களில் டோரீனின் அந்த இழுவை நாக்கு நுனிவரை வந்து நிற்கும். சில நாள் வெளியே வந்தும் விடும்.

லிங்கராஜபுரத்து வீட்டுக்கு வெள்ளிக்கிழமைகளில் வேறொரு புதுமணத் தம்பதி போவதாக லீனா மூலம் தெரிந்தது. ஷுலமித் மட்டும் எப்போதாவது வாரநாளில், நோயல் இல்லாத நேரமாகப் பார்த்து டோரீனிடம் போவாள். 2001-இல் கைக்குழந்தையோடு போயிருந்தபோது, டோரீன் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "வீட்ல வேற ஆளே இல்லாதப்ப நீங்க ரெண்டு பேரும் என்னதான் பேசிப்பீங்க?" என்று கேட்டாள்.

"பெருசா ஒண்ணுமில்ல அக்கா. தண்ணி லாரி வந்துச்சா, இவளுக்கு எப்ப ஊசி போடணும், நாளைக்கு என்ன சமையல்... அவ்ளோதான்."

"அப்புறம்?" என்றாள் டோரீன், இன்னும் கேட்க வேண்டும் என்பதுபோல.