அம்மையைக் கடித்த கொடிக்கம்பி

பேய்பிடித்த குடும்பம் என்பார்களோ என்று அஞ்சியே, இத்தனை வருடமாக இதை எழுதக் கை வரவில்லை. நேற்று மகள் வாங்கி வந்த இண்டக்ஷன் அடுப்பில் பால் வைத்ததும் எழுந்த மெல்லிய இரைச்சல், அஞ்சுகிராமம் பக்கம் இன்று சாலையாகிவிட்ட எங்கள் தென்னந்தோப்புக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

தோப்புக்கு மேலே பெரிய மின்கம்பிகள் பனிக்காலத்தில் வண்டுபோல் இரைந்துகொண்டே கிடக்கும்; அவற்றின் கீழே, மரம் அறுபடாதிருக்க டயர்த்துண்டு வைத்துக் கட்டிய நீளமான கொடிக்கம்பியில், விடியலில் குளித்துவந்து ஈரக்காலோடு துணி விரிக்கும் அம்மை திடுக்கிட்டுக் கையை உதறுவாள்.

"மக்கா, கம்பி கடிக்கு."

செருப்புக்காலோடு வந்து கம்பியைப் பிடித்துப் பார்த்த அத்தை, அப்பாவின் தங்கை, சிரித்தாள். "எங்களைக் கடிக்கல்லியே மைனி, உன்னை மட்டும் என்னத்துக்குக் கடிக்கு? உன் மேல இசக்கிப் பேயி ஏறியிருக்காக்கும்."

அன்றிலிருந்து வீட்டில் யாரும் அம்மையைச் சாமிவிளக்குப் பொருத்த விடவில்லை. பிறகு அவளே நம்பிவிட்டாள். மேலே இரைச்சல் கூடினால், யாரோ கூப்பிடுவதுபோல் அண்ணாந்து நின்று கேட்பாள். சாகும்வரை சாமியறை வாசலுக்கு வெளியே நின்றே கும்பிட்டாள்.

நேற்று மகளிடம் சொன்னேன்.

"பெரிய லைனுக்குக் கீழே கம்பி கெடந்தா, தொடாமலே அதுல வோல்டேஜ் ஏறும்பா. டயர் வச்சதால அது மண்ணுக்கு எறங்காம கம்பியிலேயே நிக்கும். செருப்பு போட்டவங்களுக்குத் தெரியாது. ஈரக்காலுன்னா கரண்டு உடம்பு வழியாத்தான மண்ணுக்கு எறங்கும்?" என்றாள்.

அடுப்பை அணைத்த பிறகும் என் காதில் அந்த இரைச்சல் ஓயவில்லை. அம்மை பேரைச் சொல்லி விளக்குப் பொருத்திவிட்டு எழுதுகிறேன். இதைப் படித்தவர்கள் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேரிடம் சொல்லுங்கள்: அவள் மேல் இசக்கி இல்லை. அவள் காலில் செருப்பு இல்லை, அவ்வளவுதான்.