நான்கு பிடி யூரியா

தொண்ணூறுகளின் நடுவில், திருமழிசையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூரையும் சுற்றிலும் வலையுமாகக் கொட்டகை போட்டுத் தக்காளி வளர்த்தோம். கணவருக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை. அவர் ஷிப்டுக்குப் போனால் செடிகள் என் பொறுப்பு. தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு யூரியா கலப்பது என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தார். நான் இரண்டு பிடி கூடுதலாகப் போட்டேன். ஒரே வாரத்தில் செடிகள் திமிறி எழுந்தன. ஆசையில் அந்தக் கூடுதலை நான்கு பிடியாக்கினேன். அவரிடம் சொல்லவில்லை.

கூடமாட வேலைக்கு வந்தவள் பக்கத்துக் கொல்லைக்காரி. அவளும் தன் கொல்லையில் திறந்தவெளியில் தக்காளி போட்டிருந்தாள். ஒருநாள் இலையைத் தடவிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, எலை இம்மாம் கருப்பா கீது? பூவே காணோம். பூச்சிக்கு விருந்து வெச்சா மாரி கீது.”

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு கிளையை அசைத்தபோது சாம்பல் பறப்பதுபோல் வெள்ளை ஈ எழுந்தது. மருந்தடித்தோம். இரண்டு நாள் அடங்கி, மறுபடி வந்தது. அடியிலைகள் பிசுபிசுத்துக் கறுத்தன. கொழுந்துகள் மேல்நோக்கிச் சுருண்டன. அந்தப் புழுக்கத்துக்குள் நுழையவே எனக்குப் பயமாக இருந்தது.

“யூரியா மூட்டை எப்படி அதுக்குள்ள காலியாச்சு?” என்று கணவர் கேட்டார். சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. “வெறும் யூரியால வளந்த செடி பாக்கத்தான் கொழுகொழுன்னு இருக்கும். அந்த எளசுக்குத்தான் ஈ வரும். ஈ வந்தா சுருட்டை நோய் வரும். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. பிடுங்கிடலாம்.”

எரிப்பதற்காகச் செடிகளை வெளியே இழுத்துப் போட்டோம். ஒவ்வொன்றிலிருந்தும் ஈக்கள் கிளம்பி, காற்றோடு வேலியைத் தாண்டி அவள் கொல்லைப் பக்கம் போயின. ஓடிப்போய்க் கொட்டகைக் கதவைச் சாத்தினேன். பாதிச் செடிகள் அதற்குள் வெளியே வந்திருந்தன.

மூன்று வாரம் போனது. ஒரு காலை அவள் வாசலில் வந்து நின்றாள்.

“எங் கொல்லையிலயும் எலை சுருட்டிகினு கீதுக்கா. நான் ஒரம் ஒரு பிடி கூட எச்சா போடலியே. எப்டி வந்துச்சு?”

நான்கு பிடியையும், வேலி தாண்டிப் போன ஈக்களையும் சொன்னேன். என் முகத்தையே பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நானும் பின்னால் போனேன். அவள் ஒரு வரிசையில் பிடுங்க, நான் அடுத்த வரிசையில் பிடுங்கினேன். பச்சைக் காய்கள் காலடியில் நசுங்கின.

அதன்பின் எங்கள் கொட்டகைக்குள் அவள் வரவேயில்லை.