தலையில் அடிபட்டவன் சொன்னதைக் கேட்டேன்

நான் குனோங் ராபாட்டில் வசிக்கிறேன். ஞாயிறு மாலைகளில் செமோர் பக்கம் பழைய தோட்டத்துத் திடலில் எங்கள் குழு காற்பந்து ஆடும். நான்தான் மேனேஜர். சென்ற ஆண்டு ஓர் ஆட்டத்தில், என் மனைவியின் தம்பி செல்வம் பந்தை முட்ட எகிறியபோது எதிரணிக்காரர் ஒருவரின் தலையோடு மோதி விழுந்தான். சில வினாடிகள் அசையவில்லை. பிறகு எழுந்து, "ஒன்னும் இல்ல மச்சான், ஆடலாம்லா" என்றான். மாற்று ஆளும் இல்லை. முகத்தில் தண்ணீர் ஊற்றி மீண்டும் அனுப்பினேன்.

சற்று நேரத்தில் கோட்டருகே வந்து, "மச்சான், எத்தன கோல்?" என்றான். சொன்னேன். இரண்டே நிமிடத்தில் மறுபடி அதையே கேட்டான். கிண்டல் செய்கிறான் என்று சிரித்தேன். மூன்றாம் முறை கேட்க வந்தவன் வாந்தி எடுத்துச் சரிந்தான்.

மூளையில் ரத்தக்கசிவு. அறுவை சிகிச்சையில் பிழைத்துக்கொண்டான். ஆனால் இன்றும் தலைவலி. வெயிலும் இரைச்சலும் ஆகாது. லோரி ஓட்டும் வேலையையும் விட்டுவிட்டான். "நான்தானே ஆடுறேன்னு சொன்னேன், விடுங்க மச்சான்" என்கிறான். அன்று அவன் சொன்னதை நான் கேட்டிருக்கக் கூடாது.

இப்போது தலையில் அடிபட்டவர் என்ன சொன்னாலும் நான் கேட்பதில்லை. நேராக மருத்துவமனைக்குத்தான். போன வாரம் தலையில் இடிபட்ட ஒருவனைப் பாதியில் வெளியே எடுத்ததால், பத்துப் பேரோடு ஆடித் தோற்றோம். "சின்ன இடிக்கு இப்படியா அண்ணே?" என்று ஆட்டக்காரர்கள் அப்போதே அலுத்துக்கொண்டார்கள். அடிபட்டவனை ஏற்றிக்கொண்டு காரை எடுத்தேன்.