அணைக்கட்டில் தடைக்காலம்

கிருஷ்ணகிரி அணைக்குப் பக்கத்தில் ஒரு மீன் வறுவல் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மே மாத வெயிலும் அடுப்பும் போட்டி போட்டுக்கொண்டு காய்கின்றன. ஓசூர் கம்பெனிச் சட்டை போட்ட ஓர் இளைஞர், மசாலா தடவி அடுக்கியிருக்கும் மீன்களைக் குனிந்து பார்க்கிறார்.

"இந்தத் தம்பிக்குப் பாம்பன் தீவுங்க," என்கிறார் கடைக்கார அக்கா என்னிடம். "லீவு விட்டா தண்ணியப் பாக்கணும்னு இங்க ஓடியாந்துடும். வந்து என் மீனுக்குக் குத்தம் சொல்லும்."

"குத்தம் இல்லக்கா, எல்லாம் சென மீனா இருக்கு. எங்க கடல்ல இப்ப தடைக்காலம். முட்டை போடுற நேரத்துல மீனத் தொட மாட்டேன்."

"இது டேம் மீனுப்பா. உங்க கடலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"வயித்துல முட்டை இருக்குல்ல?"

அதற்குள் வயிறு நிறைய சினையோடு ஒரு மீன் என் தட்டுக்கு வந்துவிடுகிறது. எனக்கு எச்சில் ஊறுகிறது. அந்த இளைஞர் பார்க்கிறாரே என்று கூச்சமாகவும் இருக்கிறது. தட்டைக் கொஞ்சம் மறைத்து வைத்துக்கொள்கிறேன்.

"சரி, பசிக்குமே. வேற என்னதான் சாப்புடுவ?"

"ஒரு டபுள் ஆம்லெட் போடுங்கக்கா."

அக்கா கரண்டியோடு திரும்புகிறார். "அது மட்டும் முட்டை இல்லையா?"

"கோழிக்கு எங்க ஊர்ல தடைக்காலம் கெடையாதுக்கா."

"நல்லவேளை, நீ கோழிப் பண்ணையில பொறக்கல," என்று சிரித்தபடி முட்டையை உடைக்கிறார் அக்கா. "பொறந்திருந்தா, இந்த டேம் தண்ணியத்தான் உனக்கு வறுத்துக் குடுக்கணும்."