மேட்டில் நின்ற கார்

அந்த வீட்டு மூத்த மருமகளுக்கு வயிறு எரிந்தால் அந்த நெருப்பில் உலையே வைக்கலாம். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள முதலில் சேர்ந்தவள் அவள்தான். அதைப் பார்த்து இளைய மருமகளும் போய்ச் சேர்ந்தாள். சேர்ந்ததோடு விட்டாளா? சாயங்காலமானால் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புவாள். காலால் தரையை மிதிப்பாள்.

"என்னடி கூத்து இது?"

"மேட்டுல வண்டியை நிறுத்தி எடுக்கறதை மனசுக்குள்ளயே ஓட்டிப் பாக்குறேன்க்கா. நீங்களும் பாருங்களேன்."

"நான் நிஜ வண்டியே ஓட்டுறவ. எனக்கெதுக்குடி தட்டு?"

மாமியார் வேறு, "சின்னவ கருத்தானவ" என்று ஒத்து ஊதினாள். மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று முதல் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அவளும் மனதுக்குள் ஒரு காரைப் பார்த்தாள். அதை ஓட்டியவள் இளையவள். மேட்டில் கிளட்ச்சைப் படக்கென்று விடுவாள். வண்டி குலுங்கி அணையும், பின்னால் உருண்டு கம்பத்தில் இடிக்கும், லைசென்ஸ் தேர்வு அதிகாரி முகத்தைச் சுளிப்பார். எத்தனை தடவை பார்த்தும் அலுக்கவில்லை. பாத்திரமெல்லாம் பளபளத்தது.

தேர்வு நாளில் இளையவள் அலுங்காமல் குலுங்காமல் மேடேறிப் போனாள். அடுத்தது மூத்தவள். மேட்டில் நிறுத்தினாள். இடது கால் கிளட்ச்சைப் படக்கென்று விட்டது. வண்டி குலுங்கி அணைந்தது, உருண்டது, கம்பத்தில் இடித்தது. அதிகாரி முகத்தைச் சுளித்தார்.

எல்லாம் அவள் தினமும் பார்த்தபடியேதான் நடந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த ஆள் மட்டும் மாறியிருந்தது.