பெயர் போடாத மனு

ரொட்டிக்காரருக்கு நன்றி சொல்லத் தெரியாது என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. பேக்கரி வேலை முடிந்து வீடு திரும்பும்போது, பக்கத்துத் தேவாலயத்தில் ஒரு கூடை ரொட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுப்படி ஏறுவார். "எங்க ஆளுங்க எல்லாம் பெருத்துட்டாங்க, போதும்ங்க" என்று பாதிரியாரே பெரிய கும்பிடாகப் போட்டும் கூடை நிற்கவில்லை. நன்றிக்கு அரைக் கூடை போதும். மீதி அரைக் கூடை எதற்கு என்பது ரொட்டிக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

இருபது வருடமாக அவருக்கு ராத்திரி வேலை. காலை ஆறு மணிக்கு வந்து படுப்பார். ஏழு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தேவாலய மணி அடிக்கும். எரிச்சல் தலைக்கேறிய ஒரு நாள் நகராட்சிக்கு மனு எழுதினார். 'நோயாளிகளும் கைக்குழந்தைகளும் அவதிப்படுகிறார்கள்' என்று எழுதி, கீழே 'தெருவாசிகள்' என்று முடித்தார். பெயர் போடவில்லை. தெருவில் அப்போது நோயாளியும் கிடையாது, கைக்குழந்தையும் கிடையாது. எத்தனையோ உண்மையான மனுக்களுக்கு அசையாத அலுவலகம் இந்தப் பொய்க்கு அசைந்து கொடுத்தது. மூன்றே மாதத்தில் மணியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மனுஷர் ஆனந்தமாகக் குறட்டை விட்டார்.

அடுத்த வருடம் தெருவுக்கு நிஜமாகவே ஒரு நோயாளி வந்து சேர்ந்தார். ரொட்டிக்காரரின் மனைவிதான். பக்கவாதம், இடது பக்கம். தினமும் நடக்க வைத்தால்தான் கால் தேறும் என்றார் டாக்டர். இவர்கள் வீட்டிலோ, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நான்கு அடி வைத்தால் மூக்கு சுவரில் இடிக்கும். விஷயம் பாதிரியார் காதுக்கு எட்டியது. நீங்கள் இங்கே கும்பிட வருகிறவர்களா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேவாலயக் கூடத்தைத் திறந்துவிட்டார். நீளப் பெஞ்சுகளைத் திருப்பி, இரண்டு கைக்கும் பிடி கிடைக்கிற மாதிரி, எதிரெதிராக இரண்டு வரிசை போட்டார்கள். சனிக்கிழமை பழையபடி மாற்றுவது, திங்கட்கிழமை மறுபடி திருப்புவது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

கைபிடித்து நடக்க வைக்க வந்தவர், தேவாலயத்தில் மணி அடித்துக்கொண்டிருந்த மணிக்காரர். ரொட்டிக்காரருக்கு அங்கேதான் சுருக்கென்றது.

"எனக்கு இப்ப காலைல என்ன வேலை, மணிதான் இல்லையே. அக்காவை நான் பாத்துக்கறேன், நீங்க போய்த் தூங்குங்கண்ணா."

முப்பது வருடம் கயிறு இழுத்த கை அது. இழுத்ததும் விட்டுவிட வேண்டும், கயிறு மேலே போய்த் திரும்பும்வரை பொறுக்க வேண்டும், அவசரப்பட்டால் மணி முரண்டு பிடிக்கும். அதே பாடத்தைக் காலுக்கும் நடத்தினார். "இழுங்க... விடுங்க... பொறுங்கக்கா, அதுவா வரும்... இப்ப இழுங்க." கால் வந்தது. ஐந்தாம் மாதம் பெஞ்சைத் தொடாமல் பதினோரு அடி நடந்தாள். ரொட்டிக்காரருக்குத் தூக்கம் சுத்தமாகப் போனது. மணிச் சத்தமே இல்லாத காலையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

இந்த நேரம் பார்த்துப் பாதிரியார் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஆண்டுக் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரரா நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்." மனைவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நான் எழுந்து நின்னே கேப்பேன்" என்றாள். ரொட்டிக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மணிக்காரர் கையை உதறிவிடுவார், அவள் கால் பதினோரு அடியோடு நின்றுவிடும். சொல்லாமல் மேடையேறி நன்றி சொன்னால், தன்னைவிடக் கேடுகெட்டவன் உலகத்தில் இருக்க மாட்டான்.

சனிக்கிழமை கூடத்துக்குப் போனார். மணிக்காரர் தனியாகப் பெஞ்சுகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"மணியை நிறுத்தச் சொல்லி மனு போனதே, அது நான் எழுதினது."

மணிக்காரர் தூக்கிய பெஞ்சை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நோயாளி யாருன்னு தெரியாம அப்போ நான் தவிச்சுப்போயிட்டேன்" என்றார் பிறகு. "மன்னிப்புக் கேக்கலாம்னு வீடு வீடா ஏறி இறங்கினேன். உங்க வீட்டுக்கும் வந்தேன். நீங்க தூங்கறீங்கன்னு அக்கா சொன்னாங்க."

"நான் தூங்கல" என்றார் ரொட்டிக்காரர். "நீங்க பேசினதக் கேட்டுக்கிட்டுதான் படுத்திருந்தேன்."

மணிக்காரர் தலையாட்டினார். அடுத்த பெஞ்சுக்குப் போனார். ரொட்டிக்காரர் மறு முனையைப் பிடித்தார். மணிக்காரர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மீதிப் பதினாறு பெஞ்சையும் இருவரும் சேர்ந்து திருப்பிப் போட்டார்கள்.

"நாளைக்கு மேடையில எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்" என்றார் ரொட்டிக்காரர்.

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"முதல்ல அங்க சொல்லுங்க." மணிக்காரர் கதவுப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. "திங்கக்கிழமை எப்பவும் போல அவங்களக் கூட்டிட்டு வாங்க. அவங்க எந்த மனுவும் எழுதல."